போர்க்கால ஆலையில் 12 மணி நேர ஷிப்ட்: முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: போர் ஆர்டர் வந்ததிலிருந்து எங்கள் ஆலையில் தினமும் 12 மணி நேர வேலை, வார விடுமுறையும் கிடையாது. நான் ஷிப்ட் சூப்பர்வைசர். குண்டில் டி.என்.டி. என்ற வெடிமருந்தை நிரப்பும் பிரிவில் இரண்டு பேருக்குக் கை மஞ்சளாகிவிட்டது. போன வாரம் லேத்தில் ஒருவருக்கு விரல் போய்விட்டது. மாஸ்க், கையுறை கேட்டிருக்கிறேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: மாஸ்க் வரட்டும், ஆனால் முதலில் வேலை நேரத்தில் கை வையுங்கள். "போர் நடக்கும்போது லீவா?" என்று நிர்வாகம் கேட்கும். அவர்களிடம் இரக்கம் பேசிப் பயனில்லை, உற்பத்திக் கணக்கைப் பேசுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கும் இதே தலைவலி வந்து, 1915-ல் வெடிமருந்துத் தொழிலாளர்களின் உடல்நலத்துக்கென்றே ஒரு குழு போட்டு, எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை உருப்படி என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கை 2014-ல் ஜான் பென்கவேல் என்ற பொருளியல் பேராசிரியர் மறுபடி அலசியபோது, வாரம் 70 மணி நேரம் உழைத்தாலும் 56 மணி நேரம் உழைத்தாலும் உற்பத்தி ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. உங்கள் ஆட்கள் இப்போது 84-ல் நிற்கிறார்கள்! ஒன்றும் முடியாவிட்டால் வார விடுமுறையையாவது மீட்டுவிடுங்கள். விரல் போனவர் விடுமுறையே இல்லாமல் எத்தனையாவது நாளாக வந்திருந்தார், ஷிப்டின் எத்தனையாவது மணி நேரம் அது, ஆள் புதுசா, லேத்துக்குப் பாதுகாப்பு மூடி மாட்டியிருந்ததா என்று எழுதி வையுங்கள், சின்னக் காயங்களுக்கும் சேர்த்து. ஒரு மாதக் குறிப்பை எதிரில் வைத்தால் நிர்வாகத்தால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

சரி, மஞ்சள் கை. டி.என்.டி. தோலில் சாயம்போல ஏறும், அது மட்டுமே காமாலை ஆகிவிடாது. கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குமட்டலும் மூச்சிரைப்பும் வந்தாலோ அன்றைக்கே அந்தப் பிரிவிலிருந்து எடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள், "டி.என்.டி.யில் வேலை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து. இல்லாவிட்டால் வழக்கமான காமாலை என்று நினைத்து, கொஞ்சம் தேறியதும் அதே பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும். கண் வெள்ளையாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம், கறை இருக்கிறது என்றாலே வெடிமருந்து தோலில் படுகிறது என்றுதான் அர்த்தம். அந்த இருவருக்கும் இப்போதே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்த வெடிமருந்து மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் போகும், வியர்வை இருந்தால் இன்னும் சுலபம். உள்ளே தூள் புகுந்த கையுறையைப் போட்டுக்கொள்வது போடாமல் இருப்பதைவிட மோசம். சாப்பிடும் முன் கை முகம் கழுவ, ஷிப்ட் முடிந்து குளிக்க, வேலை உடுப்பை ஆலையிலேயே விட்டுப்போக இடமும் நேரமும் கொடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல். ஆட்களை மாற்றி மாற்றி வேறு பிரிவுக்கு அனுப்புங்கள். பிரிட்டனில் 1916-ல் டி.என்.டி. விஷத்தால் வரும் நச்சுக் காமாலையால் 52 பேர் இறந்தார்கள், 1918-ல் அது 10 ஆகக் குறைந்தது. பால் குடித்தால் விஷம் முறியும் என்பதை நம்பாதீர்கள், பசிக்குக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம், விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்திருப்பீர்கள். தூளும் புகையும் உள்ளேயே சுற்றும். வெளிச்சம் கசியாத வளைவுக் குழாய் வழியாகக் காற்றை வெளியே தள்ளலாம், ஆனால் வெடிமருந்துப் பிரிவில் பொறி தெறிக்காத வகை மின்விசிறிதான் வைக்க வேண்டும். ஜெனரேட்டர் எக்காரணம் கொண்டும் கட்டடத்துக்குள் ஓடக்கூடாது, அதன் புகையில் மணமே தெரியாமல் ஆளைக் கொல்லும் வாயு இருக்கிறது.

சைரன் ஒலித்தால் எந்த மெஷினை யார் அணைப்பது என்று ஒவ்வொரு மெஷினிலும் பெயர் எழுதி ஒட்டி, வாரம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இரவு ஷிப்டிலும்.