பெயர் அழிந்த பழைய செயின்சாவுக்குப் பார்ட்ஸ் தேடுவது எப்படி?

ஸ்டிக்கர் தேய்ந்த பழைய ஸ்டில் (Stihl) கம்பெனி செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின், மாடல் தெரியவில்லை, கார்புரேட்டர் ஒழுகுகிறது என்கிறீர்கள். மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் பாகங்களின் உட்பக்கம் பாருங்கள். அச்சில் வார்த்த பாக எண் இருக்கும். அது 1123 என்று தொடங்கினால் 021, 023, 025 மாடல் வகையறா. ஆனால் ஒரே பாகத்தை நம்பாதீர்கள். பழைய மெஷினில் யாராவது வேறு மூடியை மாட்டியிருப்பார்கள்.

கார்புரேட்டருக்கு மாடலே தேவையில்லை. அதன் உடம்பிலேயே வால்ப்ரோ அல்லது ஜாமா என்ற கம்பெனிப் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்கான டயாஃப்ரம் கிட் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகளின் செட்) கேளுங்கள். பெட்ரோல் குழாயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், விறைத்துப் போயிருக்கும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் மெஷின் கடைகளில் விசாரிக்கலாம். போட்டோ மட்டும் போதாது, பழைய பாகத்தையே கையில் கொண்டு போங்கள். பிஸ்டன் என்றால் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.