யூரியா லைட் எரிந்தால் சென்சார்தான் போச்சா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். 19 அடி பாடி கட்டிய ஆறு சக்கர வண்டி, பிஎஸ் 6. நானே ஓட்டுகிறேன். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றி திருச்சூர் போய் வருவேன். போன வாரம் கோபாலபுரம் பக்கம் ஒரு கடையில் லிட்டருக்கு 20 ரூபாய் குறைவு என்று டெஃப் (புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) ஊற்றினேன். மறுநாள் ஆலத்தூர் தாண்டும்போது மீட்டரில் டெஃப் லைட் எரிந்தது. இரண்டு டிரிப் கழித்து, குதிரான் வருவதற்குள் பிக்கப்பே இல்லை. ஸ்கேனரில் பி207எஃப் என்று கோளாறு எண் (கோடு) வந்தது. சர்வீஸில் டேங்க் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஊற்றியது ஒரு நாள், லைட் எரிந்தது மறுநாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லோடில் காய் குறைந்தால் முதலில் காயைத்தானே எண்ணுவோம்? எடுத்த எடுப்பில் எடை மேடையைக் குறை சொல்ல மாட்டோம் அல்லவா?

பி207எஃப் என்றால் டெஃப்பின் தரம் சரியில்லை என்று வண்டி நினைக்கிறது, அவ்வளவுதான். சென்சார் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் சென்சாரே யூரியா எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்கிறது. பி20இஇ என்று இன்னொரு கோடு உண்டு, இதோடு குழப்பிக்கொள்வார்கள். அது கேட்டலிஸ்ட்டுக்கு (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) முன்னும் பின்னும் உள்ள நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார்களை ஒப்பிட்டு, புகை போதிய அளவு சுத்தமாகவில்லை என்று சொல்வது. அதற்கு மட்டமான டெஃப்பும் காரணமாகலாம். டெஃப்பைப் புகையில் தெளிக்கும் டோசிங் இன்ஜெக்டரில் வெள்ளையாகக் கட்டிய உப்பு, எக்ஸாஸ்ட் லீக், நாக்ஸ் சென்சார் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால் எந்தக் கோடு வந்தது என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ரிஃப்ராக்டோமீட்டர். டெஃப்பில் யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்ன டார்ச் அளவுக் கருவி, கண்ணில் வைத்துப் பார்ப்பது. கூலண்ட்டுக்கும் பேட்டரிக்கும் மட்டும் அளவுக்கோடு போட்டதை வாங்காதீர்கள், டெஃப்புக்கான அளவுக்கோடு இருக்க வேண்டும். முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு வைத்து ஜீரோ காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்க்காமல் அளந்துவிட்டு ஒருமுறை நான் ஒரு கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், அசடு வழிந்து திரும்பியிருக்கிறேன். பிறகு வண்டி ஆறியதும் டேங்கில் இருந்து சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, அதில் ஒரு சொட்டு வையுங்கள். 32.5 காட்ட வேண்டும். ஐஎஸ்ஓ 22241 தரப்படி 31.8 முதல் 33.2 வரை இருக்கலாம். 25, 28 என்று காட்டினால் தண்ணீர் கலந்திருக்கிறது, சென்சார் சொன்னது உண்மை.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். நல்ல டெஃப் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். டெஃப்பின் இன்னொரு பெயரான ஆட்புளூவையும் நீல மூடியையும் பார்த்து உள்ளே இருப்பதும் நீலமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நீலமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் டீசல் கலந்திருக்கிறது. அப்படியானால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

தண்ணீர் கலந்தது உறுதியானால், அதன் மேலேயே நல்ல டெஃப்பை ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். டேங்கை முழுக்க வடித்து, டீமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீரில் அலசி, டெஃப் ஃபில்டரை மாற்றி, பிறகு சீல் உடையாத கேனில் இருந்து ஊற்றுங்கள். லைட் உடனே அணையாது. கொஞ்ச தூரம் ஓடி வண்டி தானே சரிபார்க்க வேண்டும், சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து ரீசெட் செய்ய வேண்டும்.

மாறாக, 32.5 சரியாகக் காட்டியும் பி207எஃப் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் சென்சார் பக்கம் போங்கள். அப்போதும் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டெஃப்புக்கும் செம்புக்கும் ஆகாது. கசிவு ஒயருக்குள் ஏறிப் பச்சை பிடித்திருந்தால் புது சென்சாரும் அதே பாட்டைத்தான் பாடும்.

அப்புறம் அந்த 20 ரூபாய். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 1000 கிலோமீட்டருக்கு சுமார் 167 லிட்டர் டீசல். டெஃப் அதில் 5 சதவீதம் போனால் 8 லிட்டர் சொச்சம். 1000 கிலோமீட்டருக்கு நீங்கள் மிச்சம் பிடித்தது சுமார் 167 ரூபாய்.

கேள்வி: யூரியா 32.5 சதவீதம், மீதி தண்ணீர் என்றால், உர மூட்டையும் ஆர்ஓ தண்ணீரும் வைத்து வீட்டிலேயே கலந்தால் என்ன? வேலந்தாவளத்தில் இரண்டு பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பதில்: இந்தக் கலவையை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் 32.5 என்றுதான் காட்டும். அந்தக் கருவிக்குக் கரைந்திருக்கும் அளவு மட்டும்தான் தெரியும், கரைந்திருப்பது என்ன சரக்கு என்று தெரியாது. அவர்கள் வண்டி இன்னும் ஓடுவதற்கும் அதுதான் காரணம்.

நம் ஊர் 45 கிலோ மூட்டை வேப்பெண்ணெய் பூசிய யூரியா. உரத்தில் பையூரெட் (யூரியா தயாரிக்கும்போது சேரும் வேண்டாத பொருள்) 1.5 சதவீதம் வரை இருக்கலாம். டெஃப்பில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பையூரெட் கூடினால் இன்ஜெக்டரிலும் பைப்பிலும் கல் போலப் படிந்து அடைக்கும். கால்சியமும் இரும்பும் ஒவ்வொன்றும் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இடம் அது. ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, இதற்குப் போதாது. உப்பு கேட்டலிஸ்ட்டில் ஏறினால் கழுவி எடுக்க வழி இல்லை. லைட் எரிய மாதக்கணக்கு ஆகலாம், ஆனால் எரியும்போது பில் கேட்டலிஸ்ட்டுக்கு. இன்னொன்று, மானிய உரத்தை இப்படித் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

கேள்வி: வாளையாரில் நான்கு வண்டி வைத்திருக்கிறோம். விலை குறையும்போது ஒரு பேரலாக வாங்கி வைக்கலாமா?

பதில்: நிழலான அறை இருந்தால் வாங்குங்கள். 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருடம், 30 டிகிரி என்றால் ஒரு வருடம், 35 என்றால் ஆறு மாதம் என்பது கணக்கு. பாலக்காட்டு மார்ச் மாதமும் தகரக் கொட்டகையும் சேர்ந்தால் ஆறு மாதமும் நிற்காது. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேனை, தேதி புதிதாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். பித்தளைக் குழாயும் தகரப் புனலும் வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். டீசல் தொட்ட புனலை மறந்தும் தொடாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கடையில் வாங்கிய மட்ட டெஃப்புக்கு, பாலக்காட்டில் இருந்துகொண்டு வழக்குப் போட முடியுமா? லாரி தொழில் என்பதால் நுகர்வோர் கணக்கில் வராது என்கிறார் ஒருவர்.

பதில்: பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் வரும். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது; சுயதொழிலில் வாழ்க்கை நடத்த மட்டும் வாங்குபவரை விலக்கவில்லை. நான்கு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் எதிர்த் தரப்பு வக்கீல் கட்டாயம் இதைக் கிளப்புவார். கடை எந்த மாநிலம் என்பது தடை இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, மனு கொடுக்கலாம். கெடு இரண்டு வருடம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், சில கடைகள் அதிலேயே வழிக்கு வரும்.

ஆனால் பில் வேண்டும், அதில் பிராண்டும் பேட்ச் எண்ணும் வேண்டும். டேங்கை வடிக்கும் முன் இரண்டு பாட்டில் எடுத்து சீல் வைத்து, தேதி எழுதி, நிழலில் வையுங்கள். காலி கேனைப் பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.