ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 54 வயது. ஐந்தாறு மாதமாக விறைப்பின்போது ஆணுறுப்பு மேல்நோக்கி வளைகிறது, வலிக்கிறது. தொட்டால் உள்ளே கெட்டியாகத் தட்டுப்படுகிறது. புற்றுநோயோ என்ற பயத்தில் தூக்கம் போய்விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை; ஹாலில் படுத்துக்கொள்கிறேன். மின்சார ரயிலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு லாட்ஜுக்குப் போய் எண்ணெயும் லேகியமும் வாங்கினேன். பலனில்லை. ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதெல்லாம் பெய்ரோனி நோயோடு பொருந்துகிறது. அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் அதுதானா என்பதை சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்களைப் பார்க்கும் யூரோலஜி டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மருத்துவர் பெய்ரோனி 1743இல் இதைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் நடுவயதில் வருவது. உறவின்போது உறுப்பு மடங்கி, உள்ளே சின்னக் காயம் பட்டு, ஆறும்போது உள்ளுறையில் தழும்பு விழுகிறது. அடிபட்டதே பலருக்கு நினைவிருக்காது. சைக்கிள் டியூபில் பேட்ச் ஒட்டிய இடம் மட்டும் விரியாமல் டியூப் அந்தப் பக்கம் வளையும் அல்லவா, அதேதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்; ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். நாம் வெளியே சொல்ல மாட்டோம் என்ற தைரியத்தில்தான் லாட்ஜில் ரூம் போட்டுப் பணம் பிடுங்குகிறார்கள். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. வைட்டமின் ஈ மாத்திரையும் வேண்டாம். அமெரிக்க யூரோலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே அதைத் தரக்கூடாது என்கிறது. அதிர்வலை சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. நிமிர்த்தும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை வலியும் வளைவும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தில் யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். வலிக்கு மாத்திரை உண்டு. வலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வளைவுக்குத் தழும்பிலேயே ஊசி போடுவார்கள்: வெராபமில், இன்டர்ஃபெரான், கொலாஜினேஸ். கொலாஜினேஸுக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வளைவு 30 டிகிரிக்கு மேல் இருந்து, அது மேலும் மாறாமல் ஒரே நிலையில் நின்றுவிட்டவர்களுக்கானது. ஆய்வுகளில் வளைவு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முழுக்க நேராகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அபூர்வமாக உறுப்பின் உள்ளுறை கிழிவதும் உண்டு என்பதால் பழகிய கை வேண்டும். தினமும் மாட்டிக்கொள்ளும் இழுவைக் கருவியும் இருக்கிறது, மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இதில் உங்களுக்கு எது, என்ன செலவு என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உறவுக்கு இடைஞ்சல் இல்லாத சின்ன வளைவென்றால் சிகிச்சையே தேவையில்லை.

சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையிலேயே யூரோலஜி பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடுமிடத்தில் ‘யூரோலஜி’ என்றால் போதும், வரிசைக்கு நடுவே விளக்க வேண்டியதில்லை. விறைப்பின்போது மேலிருந்தும் பக்கவாட்டிலும் மொபைலில் படம் எடுத்துப் போங்கள்; டாக்டருக்குக் கோணம் புரியும்.

அப்புறம், உங்கள் மனைவி. நீங்கள் ஹாலில் படுப்பதற்கு அவர் என்னென்ன காரணம் நினைத்து மருகுகிறாரோ! இன்றிரவே சொல்லிவிடுங்கள். அவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஊசி போட்டால் சில வாரம் உறவு கூடாது என்பார்கள், அதை இருவரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ளலாம்.