வாசகர் கேள்வி-பதில்: அறிவிப்பு வந்தது, பள்ளி எங்கே?

கேள்வி: எங்கள் வட்டாரத்துக்குப் புதிய இடைநிலைப்பள்ளி வருகிறது என்று அறிவித்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பக்கத்துத் தோட்ட நிர்வாகம் 10 ஏக்கர் தருவதாகச் சொன்னது. அங்கே இன்னும் ஒரு செம்பனை மரம்கூட சாயவில்லை. கோப்பு எங்கே நிற்கிறது?
- பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், பந்திங், சிலாங்கூர், மலேசியா

பதில்: கல்வி இலாகாவுக்குப் போகும் முன் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போங்கள். கல்வி மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில். புதுப் பள்ளிகள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கிக் கிடக்கின்றன. நிலத்தின் லாட் எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி, ‘சாரியான்’ எனும் நிலப் பதிவு விவரத்தை எடுங்கள். உரிமையாளர் யார், நிலத்தின் பயன்பாடு என்ன, வங்கியில் அடமானம் இருக்கிறதா என்பது அதிலேயே தெரியும்.

உரிமையாளர் இன்னும் தோட்டக் கம்பெனிதான் என்றால், 10 ஏக்கர் வெறும் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. இலவசமாகத் தருவதென்றால் கம்பெனி அந்தப் பகுதியை மாநில அரசிடம் ‘செரா பாலிக்’ செய்ய, அதாவது திருப்பி ஒப்படைக்க, விண்ணப்பிக்க வேண்டும். அடமானம் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அது நகராது. அதன்பிறகே தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பள்ளிக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிடுவார்கள். கம்பெனி விலை கேட்டால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான் வழி. அதில் நிலத்தை எடுப்பதாக 8ஆவது பிரிவின்படி அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு தீர்மானமாகாவிட்டால் அறிவிப்பு காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதையை மறந்துவிடாதீர்கள். மனைக்குப் போகும் செம்மண் சாலை தோட்டத்தின் கிராண்டுக்குள் (நிலப் பட்டாவுக்குள்) இருந்தால், நிலம் கிடைத்தும் லாரி நுழையாது. சாலை ஒதுக்கீட்டையும் அந்த 10 ஏக்கரோடு சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது பணம். 13ஆவது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரை. பள்ளியின் பெயர் ஆண்டுதோறும் போடும் ‘ரோலிங் பிளான்’ பட்டியலில் ஏற வேண்டும், வரவு செலவுத் திட்டத்தில் மேம்பாட்டு ஒதுக்கீடும் கிடைக்க வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை எழுத்துப்பூர்வக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். “எப்போது கட்டுவீர்கள்” என்றால் “பரிசீலனையில் உள்ளது” என்றுதான் பதில் வரும். எந்த ரோலிங் பிளானில் இருக்கிறது, நிலத்தின் நிலை என்ன, டெண்டர் எந்த ஆண்டு என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் கடலோரக் களிமண். மண் சோதனை முடியாமல் போடும் செலவுக் கணக்கை நம்பவே முடியாது. பைலிங் (அடித்தளத் தூண்) ஆழம் கூடினால் ஒதுக்கிய பணம் பற்றாது, கோப்பு மறுபடி அமைச்சுக்கே போகும். கட்டடம் பைலிங் மேல் அசையாமல் நிற்க, சுற்றியுள்ள திடலும் வடிகாலும் அமிழ்ந்து வாசற்படியில் விரிசல் விடுவதும் இந்த மண்ணில்தான். மண் நிரப்பி இறுகுவதற்கான காலம் வேலை அட்டவணையில் இருக்கிறதா என்று ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா) விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை மாணவர் இருந்தால் புதுப் பள்ளி கேட்கலாம்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வகுப்பறைப் பள்ளி என்றால், ஐந்து படிவங்களில் படிவத்துக்கு 6 வகுப்பு. வகுப்புக்கு 35 பேர் என்றால் ஆண்டுக்கு 210 பேர் முதலாம் படிவத்தில் சேர வேண்டும். சுற்றியுள்ள தமிழ், சீன, தேசிய ஆரம்பப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளுக்கு எடுங்கள். ஊராட்சி மன்றம் அனுமதித்த வீடமைப்புத் திட்டங்களையும் சேருங்கள். நூறு பேர்தான் தேறுகிறார்கள் என்றால், இருக்கும் பள்ளிக்கு இன்னொரு கட்டட புளோக் கேட்பதே நல்லது. நிலச் சிக்கல் குறையும், பிள்ளைகள் சீக்கிரம் வகுப்பறையில் உட்காருவார்கள்.

கேள்வி: புதுப் பள்ளியில் தமிழ் வகுப்பு தானாகவே இருக்குமா?

பதில்: இருக்காது, நாம்தான் கேட்க வேண்டும். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர் பெயர், படிவம், பெற்றோர் கையொப்பம் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும், நகல் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகட்டும். பாட வேளைக்குள்ளேயே வகுப்பைக் கேளுங்கள். பள்ளி முடிந்த பிறகு வைத்தால் தோட்டத்துக்குப் போகும் பேருந்து கிளம்பிவிடும், நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.