பட்டியல் போடுவதால் வேலைகளை முன்னுரிமைப்படுத்தவும் கவனச்சிதறலைக் குறைக்கவும் உண்மையிலேயே முடிகிறதா?

முடிகிறது. ஆனால் பட்டியலை எந்த நேரத்தில் எழுதுகிறோம், அதில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிகிறது. தினமும் காலையில் பட்டியல் எழுதியும் மாலையில் முக்கியமான வேலைகள் மட்டும் மீந்து நிற்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அதே நிலையில் நானும் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் சிறு பின்னலாடை நிறுவனங்களுக்கும் ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்கு வேலை) செய்பவர்களுக்கும் கணக்கு எழுதி, வரி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 15க்குள் தொழிலாளர்களுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (ஜி.எஸ்.டி. வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்) என்று கெடு தேதிகளே எங்கள் மாதத்தை நடத்துகின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு இவற்றைச் செய்ய வேண்டியிருப்பதால் பட்டியல் இல்லாமல் ஒரு நாளும் நகராது. நானும் காலையில் அலுவலகம் வந்தவுடன் டைரியைத் திறந்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் முப்பது நாற்பது வரிகளில் எழுதிவிடுவேன். ஒருவருடைய ரிட்டர்ன் தாக்கலும், பிரிண்டருக்கு டோனர் வாங்குவதும் அந்தத் தாளில் அடுத்தடுத்த வரிகளில் ஒரே அளவில் நின்றன. சுலபமானவற்றை முடித்து டிக் அடிக்கும்போது கிடைத்த நிறைவை வேலை நடப்பதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஜூலை மாதம், வாடிக்கையாளர் ஒருவர் ஜூனில் பிடித்திருந்த டி.டி.எஸ். தொகையை 7ஆம் தேதி கட்ட வேண்டியிருந்தது. அன்று வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில் அது தள்ளிப்போய், மறுநாள் காலையில்தான் சலான் கட்டினேன். ஒரே நாள் தாமதம்தானே என்று தோன்றும். ஆனால் பிடித்த தேதியிலிருந்து கட்டிய தேதி வரை மாதத்துக்கு 1.5% வட்டி என்பதும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கில் வரும் என்பதும் விதி. ஆகவே ஜூன், ஜூலை இரண்டுக்குமாக 3% கட்ட நேர்ந்தது. வட்டியை என் கையிலிருந்து கட்டிவிட்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "பரவாயில்லைங்க, இனிமேப் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மை என்னை வெகுநாள் உறுத்தியது. அன்றிரவு டைரியைப் புரட்டிப் பார்த்தபோது அந்த வேலை இருபத்தோராவது வரியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான் மறக்கவில்லை, பட்டியலும் மறக்கவில்லை. எதை முதலில் செய்வது என்ற முடிவை மட்டும் யாருமே எடுக்கவில்லை. போன் ஒலித்துக்கொண்டும் ஆட்கள் வந்துகொண்டும் இருக்கும் நேரத்தில் அந்த முடிவை எடுக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு எல்லா வேலைகளும் ஒரு பெரிய நோட்டில் இருக்கும். அதில் எத்தனை வரி வேண்டுமானாலும் சேரலாம். மாலையில் கடையடைக்கும் முன், மேசை அமைதியாக இருக்கும் பதினைந்து நிமிடங்களில், அந்த நோட்டைப் பார்த்து மறுநாளுக்கென்று ஐந்து வேலைகளை மட்டும் வரிசைப்படுத்தி ஒரு துண்டுத் தாளில் எழுதுகிறேன். காலையில் வந்ததும் நோட்டைத் திறப்பதில்லை. தாளின் முதல் வரியிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.

அந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. கெடு முதலில் வரும் வேலையையே முதலில் எழுத வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இன்று இதைத் தொடாவிட்டால் யாருடைய கையில் எந்த வேலை நின்றுபோகும்? எடுத்துக்காட்டாக, 20ஆம் தேதி 3பி தாக்கல் செய்யும்போது வாடிக்கையாளருக்கு உள்ளீட்டு வரிப் பலன் (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்க வேண்டுமானால், அவருக்கு நூலோ சாயமோ விற்றவரின் பில், விற்பனையாளர்கள் தாக்கல் செய்தவற்றிலிருந்து 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் விற்பனையாளர் 11ஆம் தேதிக்குள் தம் ரிட்டர்னை முடித்தால்தான் அது அந்த மாதம் வரும். தவறினால் பலன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய், வாடிக்கையாளர் அந்த வரியை இப்போது கைக்காசாகக் கட்ட வேண்டும். ஆக, 20ஆம் தேதி வேலையின் உயிர் 8ஆம் தேதி விற்பனையாளருக்குச் செய்யும் இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பில் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் என்னை நெருக்கமாட்டார்கள் என்பதாலேயே அதைத் தாளின் முதல் வரியில் எழுதுகிறேன்.

அவசரம், முக்கியம் என்று கட்டம் போட்டுப் பிரிக்கும் முறையையும் சில மாதங்கள் முயன்றேன். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954இல் ஆற்றிய ஓர் உரையில், கல்லூரித் தலைவர் ஒருவரின் கூற்றாக இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னார்; அந்த முறைக்கு அதுவே அடிப்படை. கெடு தேதியே தொழிலாக உள்ள எனக்கு எல்லா வேலையும் அவசரமும் முக்கியமுமான முதல் கட்டத்திலேயே போய் விழுந்ததால் அதை விட்டுவிட்டேன். உங்கள் வேலையின் தன்மை வேறாக இருந்தால் அது பயன்படக்கூடும்.

இனி கவனச்சிதறல். வெளியிலிருந்து வருவதைக் காட்டிலும் உள்ளிருந்து எழுவதே எனக்குப் பெரிய இடையூறாக இருந்தது. ஒருவருடைய பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, இன்னொருவரின் பேங்க் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டதா என்ற நினைப்பு எழும்; பார்த்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தால் இருபது நிமிடம் கரைந்திருக்கும். இப்போது துண்டுத் தாளின் பாதியில் ஒரு கோடு கிழித்துவைத்து, அப்படி எழும் நினைப்புகளைக் கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டுக் கையிலுள்ள வேலையைத் தொடர்கிறேன். வெறுமனே "ஸ்டேட்மென்ட்" என்று எழுதினால் மனம் ஓயாது. "ஸ்டேட்மென்ட் – நாலு மணிக்குப் போன்" என்று எழுத வேண்டும். மாசிகாம்போ, பாவ்மைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. முடியாத வேலை பற்றிய நினைவு வேறு வேலைகளுக்குள் குறுக்கிடுகிறது என்றும், அதை எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தவர்களுக்கு, வேலை இன்னும் முடியாத நிலையிலும், அக்குறுக்கீடு நீங்கியது என்றும் அவர்கள் கண்டார்கள். இதைப் படிப்பதற்கு முன்பே நேரத்தையும் சேர்த்து எழுதும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. காரணம் தெரிந்த பின் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எங்கள் தொழிலில் அடியோடு தவிர்க்க முடியாது. பத்திலிருந்து பன்னிரண்டரை வரை என் உதவியாளர் போனை எடுத்து, "அண்ணன் ஒரு மணிக்குக் கூப்பிடுவாருங்க" என்று சொல்லிக் குறித்துவைக்கிறார். இதற்காக இதுவரை எவரும் மனம் வருந்தியதில்லை.

தாளில் ஒரே வரி மூன்று நாட்கள் தொடர்ந்து மறுநாளுக்குத் தள்ளப்பட்டால் அதை நான்காம் முறை அப்படியே எழுதுவதில்லை. பெரும்பாலும் அது ஒரே வேலையாக இருக்காது. அல்லது தொடங்கவே தயங்கும் வேலையாக இருக்கும். சென்ற ஆண்டு ஒரு நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது இவ்வாறு நின்றபோது, "நோட்டீஸ் பதில்" என்ற வரியை அடித்துவிட்டு, "நோட்டீஸில் கேட்டுள்ள பில்களின் எண்களைக் குறித்தெடுத்தல்" என்று எழுதினேன். அதை அரை மணி நேரத்தில் முடித்த கையோடு பதிலின் முதல் பக்கத்தையும் அன்றே எழுதத் தொடங்கிவிட்டேன். உங்கள் பட்டியலில் மீந்து நிற்கும் வரிகளை இன்று மாலை இப்படி ஒருமுறை மாற்றி எழுதிப் பாருங்கள்.