மிரளும் குதிரையும் முரண்டு பிடிக்கும் குதிரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மிரட்சியைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஆறு வயது ஆண் குதிரை. பிளாஸ்டிக் பை காற்றில் அசைந்தால் போதும், பத்தடி தள்ளிப் பாய்கிறது. பழகட்டும் என்று லாயத்துக்குள்ளேயே நாலு பைகளைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஓட வழியில்லாத இடத்தில் பயத்தையும் குதிரையையும் சேர்த்துப் பூட்டினால், கொஞ்ச நேரத்தில் அது அசையாமல் நிற்கும். பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் அது ஓய்ந்துபோய் நிற்கிறது.

பையோடு ஒருவரைத் தொலைவில் நிறுத்துங்கள். குதிரை பையைப் பார்க்கிறது, ஆனால் காலை நகர்த்தவில்லை என்றால் அந்தத் தூரம்தான் உங்கள் ஆரம்பம். சில குதிரைக்கு 10 மீட்டர், சிலவற்றுக்கு 50. அப்போது அதன் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேல் சதை முக்கோணமாக மடிந்திருக்கும், கீழுதட்டுக்கு அடியில் உள்ள சதை கோலிக்குண்டு மாதிரி இறுகியிருக்கும், மூச்சைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சதை தளர்ந்து, தலை இறங்கி, ஒரு நீண்ட மூச்சு விட்டதும் பையை விலக்கிவிடுங்கள். முதல் சில நாள் பை முன்னே போகட்டும், குதிரை பின்னால் நடக்கட்டும். விலகிப் போகிற பொருளைத் தொடரும்போது குதிரைக்குத் தைரியம் வரும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: போகும்போது ஒரு நீல டிரம்மைக் கண்டு மிரண்டது. நின்று காட்டினேன், அடங்கியது. திரும்பி வரும்போது அதே டிரம்முக்கு மறுபடி மிரண்டது. ஒரு கண் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்கிறார்களே?

பதில்: அது தவறு. ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் கற்றதை, கண்ணை மாற்றி மூடினாலும் குதிரை அடையாளம் காண்கிறது, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து டிரம்மின் வடிவமும் நிழலும் பின்னணியும் வேறு. இரண்டு பக்கமும் நடத்திக் காட்டுங்கள்.

கேள்வி: குதிரை கடிக்கிறது. என்ன செய்யலாம்? உடனே பதில் தேவை.

பதில்: எத்தனை வயது, யாரைக் கடிக்கிறது, எப்போது கடிக்கிறது, மருத்துவரிடம் பல்லைக் காட்டி எத்தனை நாளாயிற்று, ஒன்றுமே எழுதவில்லை. ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். உடம்பைத் தேய்க்கும்போது கடித்தால் வலியாக இருக்கலாம். தீவன நேரத்தில் கடித்தால் பசியும் போட்டியும். எல்லோர் கையையும் துழாவிக் கடித்தால் நீங்கள் கையில் தின்பண்டம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள், வாளியில் போடுங்கள். எப்படியானாலும் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம்.

கேள்வி: எட்டு வயதுப் பெண் குதிரை. போன வருஷம் வரை சாது. இப்போது வயிற்று வாரை இழுத்தாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. சேணத்துக்கு அடியில் இன்னொரு விரிப்புப் போட்டும் மாறவில்லை.

பதில்: சாதுவான குதிரை திடீரென்று மாறினால் வலியைத்தான் தேட வேண்டும். இரைப்பைப் புண், முதுகுத் தசை, பொருந்தாத சேணம் மூன்றும் முதல் சந்தேகங்கள். ஏற்கெனவே இறுக்குகிற சேணத்துக்கு அடியில் இன்னொரு விரிப்பு வைத்தால் இன்னும்தான் இறுக்கும். அடுத்த முறை சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்வையில் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் கூடுதல் என்று சந்தேகிக்கலாம். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், அதனால் வெறும் வயிற்றில் வேலை வாங்காதீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஏறவும் வேண்டாம்.

கேள்வி: நாலு வயதுக் குதிரை, சின்ன மரப் பாலத்தைத் தாண்ட மறுத்தது. பயிற்றுநர், 'சண்டித்தனம், இன்றைக்கு விட்டால் என்றைக்கும் மதிக்காது' என்று சவுக்கால் விளாசினார். மூன்றாம் நாள் தாண்டிவிட்டது. இப்போது அவரைக் கண்டாலே நடுங்குகிறது, பாலத்துக்குப் போகும் பாதையிலேயே நின்றுவிடுகிறது. அவர் செய்தது சரிதானே?

பதில்: சரியே இல்லை. சண்டி, திமிர், கொழுப்பு என்ற வார்த்தைகளை லாயங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பயந்து நிற்கிற குதிரைக்கு இந்தப் பெயர்களில் ஒன்றைச் சூட்டிவிட்டால், அடிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அன்றைக்கு உங்கள் குதிரை எப்படி நின்றது என்று நினைத்துப் பாருங்கள். தலை உயர்ந்து, காது இரண்டும் பாலத்தை நோக்கி விறைத்து, முன்னங்கால்கள் ஊன்றி, சாணி இளகிப் போயிருக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்குள் துடிக்கிற இதயம், மிரண்டால் சில நொடியில் நூறைத் தாண்டும். திமிர் பிடித்த உடம்பு இப்படி இருக்காது.

பாலத்தில் என்ன பயம் என்று கேட்பீர்கள். காலடி ஓசை மாறுகிறது, பலகை அசைகிறது, இடுக்கில் தண்ணீர் மின்னுகிறது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போனால் குதிரையின் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். மூக்குக்கு நேர் கீழே உள்ளதைப் பார்க்க அது தலையைத் தாழ்த்தியாக வேண்டும். நாமோ கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து அடிக்கிறோம்.

அடி விழும்போது அதன் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அதோடுதான் வலி ஒட்டிக்கொள்ளும். பழங்காலக் கிரேக்கத்தின் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனஃபோன் இதைச் சுமார் 2,300 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்தார்: மிரண்ட குதிரையை அடித்தால் பயம் கூடும், வலிக்கும் அந்தப் பொருளே காரணம் என்று அது நினைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் தாண்டியது, பாலத்தைவிடச் சவுக்குக்கு அதிகம் பயந்ததால். ஒரு பயம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. இதில் மதிப்புக்கும் அவமதிப்புக்கும் இடமே இல்லை. குதிரை உங்கள் கௌரவத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

பயிற்றுநரை மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குப் பாலத்தின் பக்கமே போகாதீர்கள். சமதரையில் ஒரு கெட்டியான பலகையைப் போட்டு, கயிற்றில் லேசான அழுத்தம் கொடுங்கள். ஒரு குளம்பு முன்னே நகர்ந்தால் அதே நொடியில் அழுத்தத்தை விடுங்கள். இரண்டு நொடி தாமதித்தாலே எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. பின்வாங்கினால் தடுக்காதீர்கள், மறுபடி வரும். பலகை பழகியபின், அமைதியான இன்னொரு குதிரையை முன்னே விட்டுப் பாலத்துக்குப் போகலாம். குதிரைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். மிரண்டால் உங்கள் மேலேயே தாவும். ஹெல்மெட் போடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள்.

கேள்வி: பயிற்சியின்போது உதட்டை நக்கி, வாயை மென்றால் கீழ்ப்படிந்துவிட்டது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. பெரும்பாலும் அதற்குச் சற்று முன்புவரை இறுக்கத்தில் இருந்தது என்று அர்த்தம். அடிக்கடி செய்தால், அடிக்கடி இறுக்கமாக்குகிறீர்கள்.

கேள்வி: ஒரு முறை விழுந்ததிலிருந்து எனக்கே பயம். குதிரைக்கு அது தெரியுமா?

பதில்: தெரியும். 2009-இல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் சவாரி செய்தவர்களிடமும் கடைசிச் சுற்றில் ஒரு குடை விரியப்போகிறது என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. உங்கள் தொடை இறுகுவதும் லகானைச் சுருக்கிப் பிடிப்பதும் மூச்சு நிற்பதும் அதற்குத் தகவல். அனுபவமுள்ள வயதான குதிரை ஒன்றில், வேலியடைத்த இடத்தில், நடை வேகத்தில் மட்டும் சில வாரம் போங்கள். பயந்தவரும் பயந்த குதிரையும் சேரக் கூடாது.

கேள்வி: நாளை மறுநாள் பயணம். டிரெய்லரில் ஏற மாட்டேன் என்கிறது. விரைவான வழி?

பதில்: கிடையாது. பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கதவைப் பல்லால் கவ்விக் காற்றை உள்ளிழுக்கிறது. அதைத் தடுக்கக் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறோம். மற்றக் குதிரைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளாதபடி தனியாகவும் கட்டிவிட்டோம்.

பதில்: இரண்டுமே அதன் மன அழுத்தத்தைக் கூட்டும். பார்த்துக் கற்பதற்குச் சான்று மிகக் குறைவு. ஒரே மாதிரி அடைத்துவைத்தால் ஒரே மாதிரிப் பழக்கம் பல குதிரைக்கும் வரும். மேயவிட்டால் குதிரை நாளுக்குச் சுமார் 16 மணி நேரம் மேயும். உங்களுடையது இரண்டு வேளை தானியத்தைத் தின்றுவிட்டு மீதி நேரம் சுவரைப் பார்த்து நிற்கிறது. தானியத்தைக் குறைத்து, உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு உலர்புல்லைப் பலமுறையாகப் பிரித்துப் போடுங்கள். தினமும் சில மணி நேரம் அவிழ்த்துவிடுங்கள். பழைய பழக்கம் முழுதாகப் போகாமலும் இருக்கலாம், பரவாயில்லை. இரைப்பையில் புண் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் வலி, அப்புறம்தான் மற்றது. பட்டையை இன்றைக்கே கழற்றி, மற்றக் குதிரைகள் கண்ணில் படும் இடத்துக்கு உங்கள் குதிரையை மாற்றுங்கள்.