லிஃப்ட் செய்த ஜீப்பின் பின்னால் ட்ரெய்லர் ஆடுகிறதா? முன்பாரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் இரண்டு கதவுகள் கொண்ட, குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஜீப் உள்ளது. சஸ்பென்ஷனை நான்கு அங்குலம் உயர்த்தி, 29 அங்குல டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்கள் போட்டிருக்கிறேன். அண்மையில் ஒற்றை ஆக்சில் கேம்பிங் ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன். சாமான்களுடன் சுமார் 900 கிலோ வரும். அதன் பின்புறச் சட்டத்தில் இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்களை மாட்டியிருக்கிறேன். ஸ்பீடோமீட்டர் முள் 80ஐத் தொட்டதும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. ஆட்டத்தை அடக்க ஃபிரிக்‌ஷன் பார் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, அல்லது லிஃப்டையே கழற்றிவிட வேண்டுமா?

பதில்: லிஃப்டைக் கழற்ற வேண்டியதில்லை, ஃபிரிக்‌ஷன் பாரையும் இப்போது வாங்க வேண்டாம். அதை மாட்டினால் ஆட்டம் குறைந்தது போல் தெரியும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும்; அந்தத் தைரியத்தில் நீங்கள் இன்னும் வேகமாகப் போவீர்கள், அந்த வேகத்தில் ஆட்டம் கிளம்பினால் வண்டியைத் திருத்த அவகாசம் கிடைக்காது. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டவை பின்புறம் தொங்கும் அந்த இரண்டு தண்ணீர் கேன்கள்தான்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். ட்ரெய்லருக்கும் அந்தக் கணக்குதான். ட்ரெய்லரின் மூக்கில் உள்ள கிண்ணம் போன்ற கப்ளர், ஜீப்பின் பின்னால் உள்ள ஹிட்ச் (இழுவைக் கொக்கி) பந்தின் மேல் எவ்வளவு எடையுடன் அழுந்துகிறதோ அதுவே முன்பாரம். இந்த வகை ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக இருப்பது நல்லது; உங்கள் 900 கிலோவுக்கு அது 90 முதல் 135 கிலோ வரை ஆகிறது. ஹிட்சின் மீதும் ஜீப்பின் கையேட்டிலும் இதற்கென ஒரு மேல் வரம்பு கொடுத்திருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது. முன்பாரம் அந்த 10 விழுக்காட்டைவிடக் குறைந்தால் ட்ரெய்லரின் எடை மையம் ஆக்சிலை நோக்கிப் பின்வாங்கி, ஒரு காற்று வீச்சிலோ பெரிய லாரி ஒன்று கடக்கும்போதோ ஏற்படும் சிறு அசைவு, தானாக அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் பெருத்துக்கொண்டே போகும்.

இதை அளக்கக் குளியலறையில் வைக்கும் எடைக்கருவியே போதும். சமதரையில் ட்ரெய்லரை நிறுத்தி, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எடைக்கருவியின் மேல் உறுதியான மரக்கட்டை ஒன்றைச் செங்குத்தாக வைத்து, கப்ளர் பந்தின் மேல் உட்காரும் அதே உயரத்தில் இந்தக் கட்டையின் மேல் உட்காருமாறு ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். பயணத்துக்கு எப்படிச் சாமான் ஏற்றுவீர்களோ அப்படியே, தண்ணீர், எரிவாயு சிலிண்டர், கூடாரம் அனைத்துடனும் அளக்க வேண்டும். காலி ட்ரெய்லரை அளப்பதில் பயனில்லை.

கேன்களை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். ஆக்சிலிலிருந்து கப்ளர் 3 மீட்டர் முன்னால், கேன்கள் 2 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 கிலோ தண்ணீர் பின்னால் தொங்கும்போது முன்பாரத்தில் ஏறத்தாழ 27 கிலோ குறைகிறது. அதே கேன்களை ஆக்சிலுக்கு 1 மீட்டர் முன்னால், தரைத்தளத்தில் வைத்துக் கட்டினால் 13 கிலோ கூடுகிறது. ஆக, முன்பு எடைக்கருவி 48 கிலோ காட்டியிருந்தால் இப்போது 88 கிலோவைக் காட்டும். அதோடு, வால் நுனியில் தொங்கும் எடை ஒருமுறை ஊசலாடத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். ஆகவே கனமான பொருள்கள் தாழ்வாக, ஆக்சிலுக்கு மேலோ சற்று முன்னாலோ இருக்கட்டும். இரு நுனிகளிலும் இலேசானவை மட்டும் போகட்டும்.

அடுத்தது பந்தின் உயரம். நான்கு அங்குல லிஃப்டோடு, விட்டத்தில் நான்கு அங்குலம் பெரிய டயர் மேலும் இரண்டு அங்குலத்தைச் சேர்ப்பதால் உங்கள் ஹிட்ச் ஏறத்தாழ 150 மி.மீ. மேலே போயிருக்கிறது. பந்தைத் தாங்கும் பழைய நேர்க்கம்பியையே இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும். அப்போது எடை பின்னால் சாய்ந்து, ஏற்கெனவே குறைந்த முன்பாரம் இன்னும் குறையும். ட்ரெய்லரின் சட்டத்தை மட்டமாக நிறுத்தித் தரையிலிருந்து கப்ளர் கிண்ணத்தின் மேல் உட்புறம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு, ஆட்களும் சாமானும் ஏறிய ஜீப்பில் தரையிலிருந்து பந்தின் உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். இந்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு இறக்கம் கொண்ட டிராப் ஹிட்ச் உங்களுக்குத் தேவை. மூக்கு இம்மி தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, உயர்ந்திருக்கக் கூடாது. டிராப் ஹிட்சில் பொறித்திருக்கும் எடை வரம்பைக் கட்டாயம் பாருங்கள். இறக்கம் நீள நீள, பிரேக் போடும்போது பந்தைத் தள்ளும் விசை, ஜீப்பில் ஹிட்ச் செருகப்படும் குழாயான ரிசீவரை அதிகமாக முறுக்கும். பழைய கம்பியை வெட்டி ஒட்டவைத்து வெல்டிங் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குட்டை வீல்பேஸ் தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்ப்போம். பந்து பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்து, அதன் மேல் 100 கிலோ அழுந்தினால், 2.45 மீட்டர் வீல்பேஸ் கொண்ட ஜீப்பின் முன் சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 41 கிலோ விலகிப் பின் சக்கரங்களுக்குப் போய்விடும். 3 மீட்டர் வீல்பேஸில் அது 33 கிலோதான். பக்கவாட்டு உதைப்புக்கும் இதே நெம்புகோல்தான், ஆகவே ட்ரெய்லர் வாலை ஆட்டினால் ஸ்டியரிங்கின் பிடி உங்களுக்கு விரைவாகவே தளர்கிறது. பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்து வண்டியை மட்டமாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றுப் பை பின்பக்கத்தின் உயரத்தைத்தான் மீட்கும். முன் சக்கரங்கள் இழந்த எடையைத் திருப்பித் தராது. கரடுமுரடான பாதைக்காக, வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றியிருந்தால், தார்ச்சாலைக்கு வருமுன் அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

உங்கள் ஸ்பீடோமீட்டரைப் பெரிய டயருக்கேற்பத் திருத்தவில்லை என்றால், முள் 80ஐக் காட்டும்போது நீங்கள் உண்மையில் ஏறத்தாழ 91 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்த 11 கி.மீ. சிறியதல்ல, ஏனெனில் ஆட்டம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும்தான் அடங்க மறுக்கிறது. ஜி.பி.எஸ். கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். பெரிய டயரால் பிரேக்கும் பலவீனப்படுகிறது: அதே பிரேக், அதே மிதி, ஆனால் சாலையில் கிடைக்கும் நிறுத்து விசை சுமார் 12 விழுக்காடு குறைவு. அதனால் 900 கிலோ ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய நாடுகளில் பொதுவாக 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். மின் பிரேக்காக இருந்தால் ட்ரெய்லர் பிரேக்கை இயக்க ஓட்டுநரின் கைக்கு எட்டும் கன்ட்ரோலரும், ட்ரெய்லர் கழன்றால் தானாக பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

இழுவைத் திறனைக் கையேட்டில் பாருங்கள். லிஃப்ட் அதைக் கூட்டாது. வீல்பேஸ் மாறினால் இந்த எண் எவ்வளவு மாறலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் 2018இல் வந்த ஜீப் ராங்லரின் இரண்டு கதவு மாடலுக்கு 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ, நான்கு கதவு மாடலுக்கு 3,500 பவுண்டு. உங்கள் வண்டியின் வரம்பும் 900ஐ ஒட்டியே இருந்தால், ட்ரெய்லரை ஏதாவதொரு எடைமேடையில் ஏற்றி உண்மை எடையைத் தெரிந்துகொண்ட பின்பே மலைப்பாதைக்குப் புறப்படுங்கள்.

சாலையில் ஆட்டம் மீண்டும் கிளம்பினால், ஜீப்பின் பிரேக்கை அழுத்த வேண்டாம், வேகத்தைக் கூட்டி அடக்கவும் முயல வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். கன்ட்ரோலரின் கை நெம்பியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கினால், அது பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பத் தோன்றும். உங்கள் கை எப்போதும் அரை நொடி தாமதமாகவே போவதால், அது ஆட்டத்தைக் கூட்டவே செய்யும்.

கேன்களை நகர்த்தி, டிராப் ஹிட்சை மாட்டி, ட்ரெய்லர் டயர்களின் காற்றழுத்தத்தையும் சரிபார்த்து, மறுபடியும் முன்பாரத்தை அளந்த பின், காற்று அதிகமில்லாத ஒரு காலையில், போக்குவரத்து குறைந்த நேர்ச்சாலையில் 60, 70, 80 என்று படிப்படியாக, ஜி.பி.எஸ். காட்டும் உண்மை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டம் போயிருக்கும். போகவில்லை என்றால் ஜீப்பின் ஆக்சிலைத் தன் இடத்தில் பிடித்துவைக்கும் டிராக் பார், கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லிஃப்ட் செய்த வண்டிகளில் இவை சீக்கிரம் தேய்வதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவையும் சரியாக இருந்து, காற்று வீசும் நாளில் மட்டும் இலேசான அசைவு மிஞ்சினால், அப்போது ஃபிரிக்‌ஷன் பாரை வாங்குங்கள்.